'இப்போது' யாருக்குச் சொந்தம்?
நேரலைச் செயலிகளின் போட்டி குறித்துச் சில குறிப்புகள்

1

2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மாலை. மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையொன்று பயன்படாமல் கிடந்த ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தது. அன்றிரவு தொடங்கி 29ஆம் தேதி விடிகாலை உடல் வெளியே எடுக்கப்படும்வரை தமிழ்ச் சமூகம் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தது. இடையில் 27ஆம் தேதி தீபாவளி வந்து போயிற்று.

எடமலைப்பட்டி புதூரில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் அந்த நாட்களில் யாரும் உடனே எழுந்து போகவில்லை. சுவரில் மாட்டிய டிவியில் ஒரு சேனல். பெஞ்சில் இருந்தவர் கைப்பேசியில் இன்னொரு சேனலின் யூடியூப் நேரலை. அவருக்கு அடுத்தவரிடம் சம்பவ இடத்தில் நின்ற யாரோ ஒருவரின் ஃபேஸ்புக் நேரலை. "அண்ணே, உங்களுது லேட்டு. டிவில முன்னாடியே சொல்லிட்டான்" என்றார் ஒருவர். மூன்று திரைகளுக்கும் சில நொடிகள், சில சமயம் அரை நிமிடம் வித்தியாசம் இருந்தது. ஒரே குழி, ஒரே ரிக் இயந்திரம், ஒரே அமைச்சர் பேட்டி. ஆனாலும் எது 'முந்தி' என்பதில் கடைக்குள் ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. படத்தின் மூலையில் 'இத்தனை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள்' என்ற எண் ஏறியிறங்கியது. அந்த எண்ணையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

தொடக்கத்தில் முப்பது அடிக்குள் சிக்கியிருந்த குழந்தை எண்பத்தெட்டு அடிக்குச் சரிந்தது. பக்கத்தில் தோண்டிய குழி பாறையில் முட்டி நின்றது. அந்நாட்களில் தூத்துக்குடியில் பெற்றோர் இந்த ஒளிபரப்பில் மூழ்கியிருந்தபோது அவர்களுடைய குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்ததாகச் செய்தி வந்தது. அந்தப் பெற்றோரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்த நாங்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம்.

'ஊடக ஒழுக்கம் கெட்டுவிட்டது' என்று இதை முடித்துவிடுவது சுலபம். நடுத்தர வர்க்க மனசாட்சிக்கு அது ஆறுதலாகவும் இருக்கும். ஆனால் ஒழுக்கத்தைப் பேசும்போது ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. 'இப்போது நடக்கிறது' என்கிற கணத்தை எல்லோர் முன்னும் கொண்டுவந்து வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அது கைமாறிய வரலாறு என்ன? நேரலைச் செயலிகளின் போட்டியை அந்த வரலாற்றின் பகுதியாகப் பார்க்க முயல்வதே இக்குறிப்புகளின் நோக்கம்.

2

'நேரலை' என்ற சொல் புதிது. விஷயம் பழையது. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது. திருவையாற்றில் பஞ்சரத்தினக் கீர்த்தனை பாடப்படும்போதே வீட்டில் கேட்க முடிந்தது வானொலியால்தான். அங்கே 'இப்போது' என்பது அரசின் உடைமை. எந்த நிகழ்ச்சி நேரடியாக வரத் தகுதியுடையது என்பதை நிலையம் தீர்மானிக்கும். திருவையாறு தகுதி பெற்றது. சேரியில் நடந்த பறையாட்டம் அந்தத் தகுதியைப் பெற்றதில்லை. இதை யாரும் தணிக்கை என்று சொன்னதில்லை, ரசனை என்றே சொன்னார்கள்.

1991 வளைகுடாப் போர் இந்த ஏற்பாட்டை உடைத்தது. சிஎன்என் வழியாகப் போர் வீட்டுக்குள் நேரடியாக வந்தது. மொட்டை மாடிகளில் டிஷ் ஆன்டெனாக்கள் முளைத்தன, தெருவெங்கும் கேபிள் வயர் ஓடியது. பின்நவீனத்துவம் பற்றி நம் சிறுபத்திரிகைகள் சூடாக விவாதித்துக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் கேபிள்காரர் மாதச் சந்தா வாங்க வீட்டு வாசலுக்கு வந்தார். போத்ரியா பற்றி எழுதிய அளவுக்கு அந்தக் கேபிள்காரரைப் பற்றி நாம் எழுதவில்லை என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

1993 நவம்பரில் ஹீரோ கோப்பைக் கிரிக்கெட். நேரடி ஒளிபரப்பு உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. தூர்தர்ஷனும் ஒன்றிய அரசும் மறித்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1995 பிப்ரவரி 9 அன்று வந்த தீர்ப்பு, அலைவரிசைகள் பொதுச்சொத்து என்றது. அரசின் ஏகபோகமும் கூடாது, தனியாரின் ஏகபோகமும் கூடாது, பொதுநலன் கருதும் தன்னாட்சி அமைப்பொன்று அவற்றை முறைப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு கிரிக்கெட் பந்தயத்தின் நேரலையை முன்னிட்டுத்தான் இந்தியாவில் இந்தப் பெரிய கொள்கை பேசப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் அலைவரிசை பொதுச்சொத்து என்று தீர்ப்பு வந்தபோது, படம் வயருக்கு மாறிவிட்டிருந்தது. வயர் யாருடையதோ அவரே எந்தச் சேனல் தெளிவாகத் தெரிய வேண்டும், எது புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தார். அரசு கேபிள் நிறுவனம் 2007இல் தொடங்கப்பட்டதும் 2011இல் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டதும் எந்தெந்த அரசியல் பகைகளின் ஊடாக என்பது தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. சண்டை படத்துக்காக நடப்பதுபோலத் தோன்றியது. உண்மையில் அது படம் வரும் பாதைக்கான சண்டை.

செயலிகளின் கதையிலும் இதே அமைப்பைப் பார்க்கலாம்.

3

2015 பிப்ரவரி கடைசியில் மீர்காட் என்ற செயலி வந்தது. கைப்பேசியில் ஒரு பொத்தானை அமுக்கினால் நேரலை தொடங்கும். இந்த யோசனை அதற்கு முன்பே இருந்தது. 2007இல் ஜஸ்டின் கான் என்ற இளைஞர் தொப்பியில் கேமரா மாட்டிக்கொண்டு தன் நாள் முழுவதையும் இணையத்தில் ஓடவிட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் ட்விட்ச். ஸ்வீடனின் பாம்பியூசர் வழியாகச் சிரியாவின் தெருக்கள் உலகுக்குத் தெரியவந்தன, 2012இல் அந்நாட்டு அரசு அதை முடக்கியது. மீர்காட்டின் புதுமை வேறிடத்தில் இருந்தது. அது ட்விட்டரின் முதுகில் ஏறி வந்தது. ட்விட்டரில் உங்களைத் தொடர்பவர்கள் மீர்காட்டிலும் தானாகவே உங்களைத் தொடர்வார்கள். நீங்கள் நேரலைக்கு வந்தவுடன் அவர்களுக்குத் தகவல் போகும். கூட்டம் சேர்க்க வேண்டியதில்லை, இருக்கிற கூட்டத்தைக் கூப்பிட்டால் போதும்.

இரண்டு வாரம்தான். மார்ச் 13 அன்று ட்விட்டர் அந்த இணைப்பை அறுத்தது. பெரிஸ்கோப் என்ற போட்டிச் செயலியைத் தான் வாங்கிவிட்டதையும் அதே நாளில் உறுதிப்படுத்தியது. மார்ச் 26 அன்று பெரிஸ்கோப் வெளியானது. மீர்காட் படம் மோசமில்லை, வேகம் குறைவில்லை, பெயரும் நன்றாகவே இருந்தது. ஆனால் கூட்டத்திற்குப் போகும் பாதை அதனிடம் இல்லை. ஒரு வருடத்தில் அதன் உரிமையாளர்கள் நேரலையைக் கைவிட்டு வேறு தொழிலுக்குப் போனார்கள்.

பெரிஸ்கோப்பின் பிறப்புக் கதை சுவாரசியமானது. 2013இல் இஸ்தான்புல் தக்சிம் சதுக்கத்தில் மக்கள் போராடியபோது, அங்கே இப்போது என்ன நடக்கிறதென்று பார்க்க முடியவில்லையே என்ற ஏக்கத்தில் யோசனை பிறந்ததாக அதை உருவாக்கியவர்கள் சொன்னார்கள். கிளர்ச்சியின் பெயரால் பிறந்த பொருள், சந்தையின் ஆயுதமாக விற்கப்பட்டது. இது முதல் தடவையுமல்ல.

பிறகு ஃபேஸ்புக் வந்தது. 2015 ஆகஸ்டில் பிரபலங்களுக்கு மட்டும் திறந்த வசதியை 2016 ஏப்ரலில் உலகெங்கும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. நேரலை செய்வதற்காக நியூயார்க் டைம்ஸ், பஸ்ஃபீட் முதலிய ஏறத்தாழ 140 ஊடக நிறுவனங்கள், பிரபலங்களோடு 5 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டிருந்தது அந்த ஆண்டு ஜூனில் வெளிவந்தது. அடுத்த மாதம், ஜூலை 6 அன்று, மின்னசோட்டாவில் காரில் வந்த ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸ்காரர் சுட்டார். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் சுட்டதை அடுத்த கணங்களை நேரலையில் விட்டார். அதற்காக அவருக்கு யாரும் ஒப்பந்தம் போட்டிருக்கவில்லை. காணொளி சற்று நேரம் காணாமற்போய்த் திரும்பி வந்தபோது, 'தொழில்நுட்பக் கோளாறு' என்றது நிறுவனம்.

பெரிஸ்கோப்புக்கு என்ன ஆயிற்று? 2021 மார்ச் 31 அன்று ட்விட்டரே அதை இழுத்து மூடியது. வென்றவரும் தோற்றவரும் போய்விட்டார்கள். கூட்டத்தின் பட்டியலை வைத்திருந்த பெருநிறுவனங்கள் மட்டும் மிஞ்சின. ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சியைத் தனித்தனி நிகழ்ச்சிகளாக அல்ல, இடைவிடாத ஓட்டமாகப் பார்க்கச் சொன்னார். இன்று அந்த ஓட்டத்துக்கு உள்ளடக்கம் தயாரிக்கும் வேலையும் பார்ப்பவர் தலையில்தான். வாய்க்கால் மட்டும் அவருடையதல்ல.

4

தமிழ்நாட்டில் இது எப்படி வந்து இறங்கியது? 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. 2017 மார்ச் வரை டேட்டா இலவசம். நவம்பரில் பணமதிப்பிழப்பு, டிசம்பரில் ஜெயலலிதா மரணம். அதுவரை மாதம் ஒரு ஜிபியைச் சிக்கனமாகச் செலவழித்தவர்கள் ஒரு நாளில் அதை முடித்தார்கள். இந்தச் சூழலில்தான் 2017 ஜனவரி வந்தது.

அலங்காநல்லூரில் தொடங்கி ஜனவரி 17இல் மெரினாவில் கூடிய ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தமிழகத்தின் முதல் பெரும் நேரலைப் போராட்டம் எனலாம். திருச்சியிலும் மாணவர்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். 'டிவிக்காரன் காட்டலைன்னா நாங்க காட்டுவோம்' என்ற உற்சாகம் இருந்தது. அது பொய்யான உற்சாகம் என்று நான் சொல்லமாட்டேன். சாதி ஆதிக்கத்தின் விளையாட்டு எப்படித் 'தமிழர் பண்பாடு' என்ற ஒற்றை அடையாளமாக்கப்படுகிறது என்று தலித் தோழர்கள் அன்றே எழுப்பிய கேள்வி அந்த நேரலைகளில் அதிகம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜனவரி 23 காலை போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. காவலர்களே வாகனங்களை உடைப்பதும் தீ வைப்பதுமான கைப்பேசிப் படங்கள் பரவின. அதிகாரத்தின் முகத்துக்கு நேரே கேமராவைத் திருப்ப முடிந்த நாள் அது.

அதிகாரம் பாடம் படித்துக்கொண்டது. 2017 ஆகஸ்டில் இணைய சேவையை நிறுத்துவதற்கென்றே ஒன்றிய அரசு தனி விதிகளை வெளியிட்டது. 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். தூத்துக்குடியில் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் இரவு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. 'வதந்தி பரவாமல் இருக்க' என்றது அரசு. சுட்ட பிறகு நிறுத்தினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனை வாசல், பிணவறை, வீடு புகுந்த தேடுதல், தாயின் ஒப்பாரி இவையெல்லாம் 'இப்போது' ஆகாமல் பின்னொரு நாளின் 'நடந்ததாம்' ஆக மாற்றப்பட்டன. செயலிகளுக்குள் யார் வேகம் என்ற போட்டி அந்த மாவட்டங்களில் அர்த்தமிழந்து நின்றது.

5

இனி இன்னொரு வகை நேரலை. 2016இல் சிங்கப்பூரிலிருந்து பிகோ லைவ் வந்தது. இங்கே செய்தியும் இல்லை, போராட்டமும் இல்லை. ஒருவர் கேமரா முன் உட்கார்ந்து பாடுவார், பேசுவார், சும்மா இருப்பார். பார்ப்பவர்கள் காசு கொடுத்து 'வைரம்' வாங்கி அன்பளிப்பாக அனுப்புவார்கள். அது அந்தப் பக்கம் 'பீன்ஸ்' ஆகப் போய்ச் சேரும். வைரத்தின் விலைக்கும் பீன்ஸின் விலைக்கும் உள்ள வித்தியாசம் நிறுவனத்துக்கு. இரண்டு பேரைத் திரையில் அக்கம்பக்கமாக நிறுத்தி, சில நிமிடங்களில் யாருக்கு அன்பளிப்பு அதிகம் என்று மோதவிடுவதற்குப் 'பிகே' என்று பெயர்.

நம்மவர்கள் இதை ஏதோ சீன நோய் போலப் பேசினார்கள். கரகாட்டம் பார்த்தவர்களுக்கு இது புதிதே அல்ல. ஆடுபவரின் ஆடையில் ரூபாய் நோட்டைக் குத்துவதும், நாடக மேடையில் 'இன்னார் அன்பளிப்பு இவ்வளவு' என்று மைக்கில் சொல்வதும் நம்முடைய வழக்கம். தஞ்சைப் பகுதி லாவணியில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் எதிரெதிரே உட்கார்ந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய மோதும். போட்டி என்பது நிகழ்கலையின் உள்ளேயே இருக்கிறது.

வித்தியாசங்கள் இரண்டு. ஒன்று, ஊரில் நோட்டுக் குத்தும் கை யாருடையது, என்ன சாதி என்பது ஆடுபவருக்குத் தெரியும், அந்தக் கையை மறுக்க முடியாது என்பதும் தெரியும். செயலியில் அன்பளிப்பவர் ஒரு புனைபெயர். எல்லை மீறினால் ஒரு தட்டில் வெளியே தள்ளலாம். அவமானமும் வக்கிரமும் அங்கேயும் உண்டு, பண மோசடிகளும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் மறுக்கும் வசதி ஒரு ஆட்டக்காரப் பெண்ணுக்கு முதல்முறையாகக் கிடைத்தது. இரண்டு, ஊரில் ஆட்டம் முடிந்தாலும் ஊர் அங்கேயே இருக்கும். அடுத்த வருடம் தேடிப் போகலாம்.

2019 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றத்தில் டிக்டாக்கைத் தடைசெய்யக் கோரிக்கை எழுந்தது. ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதைப் பதிவிறக்கத் தடை விதிக்கச் சொன்னது. ஆபாசம், குழந்தைகளின் பாதுகாப்பு என்பவை காரணங்கள். ஏப்ரல் 24 அன்று அந்த ஆணை நீக்கப்பட்டது. குழந்தைகளைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அதன் நிழலில் வேறொன்று நடந்தது. 'கலாச்சாரச் சீரழிவு' என்று டிவி விவாதங்களில் காட்டப்பட்ட முகங்கள் யாருடையவை? வீட்டுவேலை செய்யும் பெண், திருநங்கை, வயலில் நின்று ஆடும் இளைஞன், நடுத்தர வயதைத் தாண்டிச் சிவப்புச் சேலையில் பாடும் அம்மா. அதே பாட்டுக்குச் சினிமாவில் ஆடினால் கலை. திருவிழா 'ஆடல் பாடல்' நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு மதுரைக் கிளைக்குப் போகும் மனுக்களும், ஆபாசம் கூடாது என்ற நிபந்தனையோடு வரும் அனுமதிகளும் நமக்குப் பழக்கமானவை. டிக்டாக் மீதான கோபம் அந்த வரிசையில்தான் வருகிறது.

2020 ஜூன் 15 கல்வான் மோதல். ஜூன் 29 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 59 செயலிகள் தடைசெய்யப்பட்டன. டிக்டாக், ஹலோ, லைக்கீ, பிகோ லைவ் எல்லாம் ஒரே பட்டியலில். இந்தியாவில் டிக்டாக் மட்டும் ஏறத்தாழ 20 கோடிப் பேர் பயன்படுத்தியது. ஜூலை 8 அன்று, பத்தே நாளில், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் இங்கே முதலில் சோதிக்கப்பட்டது. மோஜ், ஜோஷ், டக்காடக் என்று சுதேசிச் செயலிகளும் முளைத்தன. டக்காடக் 2022இல் மோஜோடு இணைக்கப்பட்டது. தேசபக்தியின் பலன் பெரும்பாலும் கலிஃபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் அறிந்த கரகாட்டக் கலைஞர் ஒருவர். கொரோனாவால் அந்த வருடம் பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் நின்றுபோக, தடைக்கு ஆளான செயலி ஒன்றில் இரவுகளில் ஆடிப் பிழைத்துக்கொண்டிருந்தார். ஜூன் 30 காலை அவரிடம் பேசியபோது அழவில்லை. "ஆளுங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க தம்பி. எனக்குத்தான் போக வழி தெரியல" என்றார். மீர்காட்டுக்கு நேர்ந்ததும் இதுவேதான். முதலீடு செய்த நிறுவனத்துக்கு அடுத்த தொழில் இருந்தது. இவருக்கு அடுத்த திருவிழா எப்போதென்று தெரியவில்லை.

6

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. வானொலிக் காலத்தில் 'இப்போது' அரசின் உரிமத்தில் இருந்தது. கேபிள் காலத்தில் வயர்க்காரர் கையில் இருந்தது. செயலிக் காலத்தில் அது நம் கைக்கு வந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. வந்தது கேமரா மட்டுமே. கூட்டத்தின் பட்டியல் நிறுவனத்திடம், நிறுத்தும் பொத்தான் அரசிடம். போட்டி இருக்கும்வரை கதவுகள் அகலத் திறந்திருக்கும், போட்டி முடிந்ததும் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். 2025 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம், ஆயிரம் பேர் தொடராத கணக்குக்கு நேரலை கிடையாது என்றது. முதல் தடவை வீதிக்கு வரும் ஒரு கிராமத்துப் பெண்ணை யார் ஆயிரம் பேர் ஏற்கெனவே தொடர்ந்திருப்பார்கள்?

நடுக்காட்டுப்பட்டிக்குத் திரும்புவோம். மூடாத ஆழ்துளைக் கிணறுகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2010இலேயே வழிகாட்டு நெறிகள் தந்திருந்தது. ஒன்பது வருடம் திறந்து கிடந்த குழிகளை யாரும் நேரலையில் காட்டவில்லை. மலக்குழிக்குள் இறங்கிச் சாகும் தொழிலாளிக்கும் நேரலை கிடையாது. அந்தச் சாவு சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது, எண்ணிக்கை ஏற அவகாசம் தருவதில்லை. மெதுவாக நிகழும் சாவையும் ஏற்கெனவே கூடிவிட்ட கூட்டத்தையுமே இந்தப் போட்டி விரும்புகிறது. அப்படியானால் நாம் கேட்க வேண்டியது கூடுதல் நேரலை அல்ல. 1995 தீர்ப்பு அலைவரிசைக்குச் சொன்னதைக் கூட்டத்தின் பட்டியலுக்கும் சொல்லவேண்டும் என்று கேட்கலாம். ஒருவரைத் தேடி வந்தவர்களின் தொடர்பு அவருக்கே சொந்தம், ஒரு செயலி மூடினாலும் மூடப்பட்டாலும் அதை அவர் எடுத்துப்போக முடியவேண்டும் என்பது சட்டக் கோரிக்கையாக முன்வைக்கப்பட வேண்டும். இணைய நிறுத்தத்துக்கு எதிரான கோரிக்கையும் இதோடு சேர்ந்ததுதான்.

அதுவரை? அந்தக் கரகாட்டக் கலைஞர் இப்போது வேறொரு செயலியில் வருகிறார். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். அடிக்கடி வருகிறவர்கள், ஆட்டத்துக்குக் கூப்பிடும் ஊர்க்காரர்கள் எல்லோருடைய போன் நம்பரையும் கேட்டுப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிக்கொள்கிறார். "இதை எவனும் ஒரு ராத்திரில மூட முடியாதுல்ல" என்று சிரித்தார். போராட்டங்களை நேரலையில் விடும் நம் தோழர்களிடம் அப்படியொரு நோட்டு இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.